பெரிய மீனுக்குப் பரிசு வேண்டாம்

சென்ற ஆண்டு ஜூன் மாதம் நமது சங்கத்து இளைஞர்கள் நாம்கானாவுக்குத் தெற்கே ஓர் உப்பங்கழியில் தூண்டில் போட்டி நடத்தியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த இதழிலும் புகைப்படம் வந்திருந்தது. முதல் பரிசு பெற்ற மீனின் எடை 7 கிலோ 200 கிராம். பிடித்த பையனுக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு சுழற்கோப்பையும் கொடுத்தோம். நானும் கை தட்டினேன். போட்டிக்கு நடுவர் நான்தான். தராசைப் பிடித்தவனும் நான்தான். ஆகவே இந்தக் கட்டுரையை யாரையும் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குறை என்று ஒன்று இருந்தால் அதில் முதல் பங்கு என்னுடையது.

அன்று பிற்பகல் சமையலுக்காக அந்த மீனை அறுத்தபோது வயிற்றின் இரு பக்கமும் சினை நிறைந்திருந்தது. படகுக்காரர் எட்டிப் பார்த்தார். "மா மாச், காக்கு" என்றார். தாய் மீன். அவர் கோபமாகச் சொல்லவில்லை, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அந்தச் சொல் என் காதை விட்டுப் போகவில்லை. இந்த ஆண்டுப் போட்டிக்கும் ஏற்பாடு நடக்கிறது என்று அறிகிறேன். "அதிக எடையுள்ள மீனுக்கு முதல் பரிசு" என்ற விதியை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. அதைச் சொல்வதற்கு முன் மீனைப் பற்றியும், அதைப் பிடிக்கும் பொய்யிரையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. சைவ அன்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

இங்கே பேட்கி என்று வங்காளிகள் உயிரை விடும் மீன் வேறொன்றுமில்லை, நம் ஊர்க் கொடுவாதான். ஆங்கிலத்தில் ஏசியன் சீ பாஸ் என்பார்கள், ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி. நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன். முத்துப்பேட்டைக் காயலில் என் தாய்மாமா உயிர் இறாலைக் கோத்துக் கொடுவா பிடிப்பதைச் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். டிப்ளமோ முடித்து 1981-ல் ரயில்வே வேலைக்கு ஹௌரா வந்து இறங்கியபோது, பாஷை தெரியாத ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் மீன் கடையில் படுத்திருந்த கொடுவாவின் முகம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இன்றும் கரியாஹாட் மார்க்கெட்டில் பேட்கியின் விலையைக் கேட்டுவிட்டு வேறு கடைக்கு நகர்பவர்களில் நானும் ஒருவன். கல்யாண வீடுகளில் பேட்கி ஃபிஷ் ஃப்ரை என்ற பெயரில் பாசா மீன் வரத் தொடங்கி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. சாப்பிடுகிறவர்களுக்கும் அது தெரியும், பரிமாறுகிறவர்களுக்கும் தெரியும்.

தூண்டிலில் ஆழம்தான் பாதிக் கலை என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் பணிமனையில் எனக்கு மேலே இருந்த ஒரு வங்காளி ஃபோர்மேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் டிக்கெட் வாங்கிக்கொண்டு குளக்கரையில் உட்காருவார். தவிடு, பிண்ணாக்கு, ஏதேதோ மசாலா கலந்து அவர் பிசையும் "சார்" வாசனை பணிமனை வரை வரும். "கட்லா மேல்மாடி, ரோகு நடுமாடி, மிருகேல் கீழ்மாடி, கதவு தெரியாமல் தட்டினால் யார் திறப்பார்கள்?" என்பார். தக்கையை ஒரு சாண் ஏற்றுவது, ஒரு சாண் இறக்குவது, அவ்வளவுதான் அவருடைய வித்தை. ஆனால் அந்த ஒரு சாணில் மீன் கிடைப்பதும் கிடைக்காததும் இருந்தது.

கொடுவா பிண்ணாக்குக்கு வராது. அது வேட்டையாடும் மீன். மடவைக் குஞ்சும் இறாலும் ஓடினால்தான் அதற்குக் கண் திரும்பும். ஆகவே ஓடுகிற மாதிரி பாசாங்கு செய்யும் பொய்யிரை வேண்டும். அதில் ஒரு வகைதான் கிராங்க்பெய்ட். மர உடல் அல்லது பிளாஸ்டிக் உடல், வயிற்றில் முள், மூக்கின் கீழே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகடு. உதடு என்றே வைத்துக்கொள்வோம். சும்மா போட்டால் மிதக்கும். ரீலைச் சுற்றி இழுத்தால் தலையைக் குத்தி, ஆடிக்கொண்டே உள்ளே போகும். ஃபின்லாந்தில் லௌரி ராபலா என்ற மீனவர் 1936-ல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய பளபளத் தாளை ஒட்டி, பழைய புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி இப்படி ஒரு பொய்யிரையைச் செய்தார். அவர் பெயரில்தான் இன்று உலகமெங்கும் விற்கிறார்கள். அமெரிக்காவில் அவர்களுடைய பாஸ் மீனுக்காக டென்னசியில் பால்சா மரத்தில் குண்டு குண்டாகச் செதுக்கியவை பின்னால் வந்தன.

நம் பையன்கள் இணையத்தில் பார்த்து ஆயிரம் ரூபாய்க்கு ஒன்று என்று வாங்குகிறார்கள். கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தால் பத்தில் எட்டுக்கு உதடு ஒரே அளவு! நீலமும் பச்சையும் நிறம்தானே தவிர ஆழம் அல்ல. ஆழத்தைத் தீர்மானிப்பது உதடு. உதடு குட்டையாக, செங்குத்தாக மடங்கியிருந்தால் அரை மீட்டர், ஒரு மீட்டருக்கு மேல் இறங்காது. நீளமாக, அகலமாக, உடலோடு ஏறக்குறைய ஒரே நேராக நீட்டிக்கொண்டிருந்தால் மூன்று, நான்கு மீட்டர் போகும். தண்ணீர் உதட்டை அழுத்துவதால் மூக்கு கீழே போகிறது. மிதப்பு மேலே தூக்குகிறது. நரம்பின் இழுப்பும் மேலே தூக்குகிறது. மூன்றும் சமனாகும் இடம்தான் அதன் ஆழம்.

இதில் நரம்பின் பங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தடித்த நரம்பு தண்ணீரில் அதிகம் உராய்கிறது. பொய்யிரை மேலேயே நிற்கும். அதே பொய்யிரையை மெல்லிய பின்னல் நரம்பில் கட்டினால் இன்னும் கீழே போகும். நெடுந்தூரம் எறிந்தாலும் அப்படியே, ஏனென்றால் அது எடுத்த எடுப்பில் முழு ஆழத்துக்கு இறங்குவதில்லை. விழுந்த இடத்திலிருந்து சரிந்து சரிந்து இறங்கி, நடுவில் கொஞ்ச தூரம் முழு ஆழத்தில் ஓடி, நம் பக்கம் நெருங்கும்போது மறுபடி ஏறிவிடும். பத்து மீட்டர் மட்டும் எறிந்துவிட்டு "நாலு மீட்டர் போகும் என்று அட்டையில் போட்டிருக்கிறானே" என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. வேகமாகச் சுற்றினால் ஆழம் போகும் என்பதும் ஓரளவுக்குத்தான். அளவு மீறினால் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

ரயில்வேக்காரன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வேகம் கூடும்போது வண்டிச் சக்கரங்கள் தண்டவாளத்துக்குள் இப்படியும் அப்படியும் அலையும். நாங்கள் அதை "ஹன்டிங்" என்போம், வேட்டை. அந்த ஆட்டத்தை அடக்குவதற்கே என் சர்வீஸ் காலம் போயிற்று. இப்போது ஓய்வு பெற்று உட்கார்ந்து, ஒரு மரத்துண்டை எப்படி அதே மாதிரி ஆட வைப்பது என்று மூளையைக் கசக்கிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி இதைப் பார்த்து, "சம்பளம் வாங்கினபோது நிறுத்தினீங்க, இப்போ சம்பளம் இல்லாம ஆட்டறீங்க" என்கிறாள்.

ஆம், சொந்தமாகத்தான் செய்கிறேன். முதலில் நெட்டியில் முயன்றேன். தஞ்சாவூரில் நெட்டிக் கோபுரம் செய்வார்களே, அந்த நெட்டிதான் இங்கே மாப்பிள்ளையின் டோப்பர் தலைப்பாகைக்குச் சோலா என்று வருகிறது. இரண்டு ஊருக்கும் பொதுவான பொருளாயிற்றே என்ற ஆசை. செதுக்க வெண்ணெய் மாதிரி இருந்தது. ஆனால் முள்ளைத் தாங்கவில்லை. முதல் மீனே வாங்கிக்கொண்டு போய்விட்டது. பிறகு கடம்ப மரத்துண்டில் உடல் செதுக்கி, தலை முதல் வால் வரை உள்ளே ஒரே கம்பியாக ஓடவிட்டேன். உதட்டுக்குப் பேரனின் பழைய சி.டி. அது பாலிகார்பனேட், 1.2 மில்லிமீட்டர் கனம். கத்தரிக்கோலை விட ரம்பத்தில் அறுத்தால் விரிசல் விடாது. வயிற்றில் ஒரு ஈயக்குண்டு. தண்ணீரில் விட்டால் நேராக ஓடாமல் வலப்பக்கம் இழுக்கிறது என்றால், நரம்பு கட்டும் கண்ணியை மூக்குப் பிடிக்குறட்டால் இடப்பக்கம் ஒரு மயிரிழை வளைக்க வேண்டும். அவ்வளவுதான். கடையில் வாங்கியதற்கும் இதே வைத்தியம்தான்.

இனிப் பருவம். கொடுவா வெப்பத்தை விரும்பும் மீன். தண்ணீர் 26 முதல் 32 டிகிரி வரை அதற்குச் சுகம். 20-க்குக் கீழே போனால் சோம்பிப் படுத்துவிடும். ஆகவே டிசம்பர், ஜனவரியில் கழியின் வளைவுகளில் இருக்கும் ஆழமான கிடங்குகளில் தேட வேண்டும். நீள உதட்டுப் பொய்யிரை, மெதுவாக, மிக மெதுவாக. நடுவில் நிறுத்தினால் மேலே கிளம்பாமல் அங்கேயே நிற்கும் வகை இருந்தால் இன்னும் நல்லது. பத்து எண்ணும் வரை நிறுத்தி வையுங்கள். பொறுமை இல்லாதவர்கள் ஜனவரியில் வீட்டிலேயே இருந்து பொங்கல் வேலையைப் பார்க்கலாம். வெயில் ஏறிய நடுப்பகலில் ஆழமில்லாச் சேற்றுக் கரை சூடாகும். அங்கே சில சமயம் ஒன்றிரண்டு வந்து நிற்பதுண்டு.

ஏப்ரல், மே மாதங்களில் நேர் எதிர். விடியற்காலையிலும் அந்தியிலும் கண்டல் வேர்களின் ஓரத்தில், ஒரு மீட்டர் தண்ணீரில் வேட்டையாடும். குட்டை உதடு போதும். இங்கே மிதக்கும் பொய்யிரையின் அருமை தெரியும். வேரில் முட்டியதும் சுற்றுவதை நிறுத்திவிட்டால் அது தானே பின்வாங்கி மேலே மிதந்து தப்பிக்கும். முன்னால் நீட்டிய உதடு முதலில் முட்டுவதால் முள் மாட்டுவது குறைவு. முட்டி, நின்று, மேலே கிளம்பும் அந்த நொடியில்தான் கொடுவா "டப்" என்ற ஓசையோடு உறிஞ்சும். முட்டக்கூடாது என்று பயந்து நடுத்தண்ணீரில் இழுப்பவர்களுக்கு மீன் கிடைப்பதில்லை.

மழை தொடங்கியதும் பேரிகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் மதகு வழியாகத் தண்ணீர் இறங்கும். ஓதம் வடிகிற கடைசி ஒரு மணி நேரம் மதகு வாயில், கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சேரும் கோட்டில் நில்லுங்கள். அடித்துக்கொண்டு வரும் குஞ்சுகளுக்காகக் கொடுவா அங்கே வாயைத் திறந்துகொண்டு நிற்கும். கலங்கலில் பொன்னிறமும் ஆரஞ்சும், உள்ளே குண்டு கிலுகிலுக்கும் வகையும் நல்லது. பூஜை கழிந்து தண்ணீர் தெளியும்போது மடவையின் வெள்ளி நிறம், நடுத்தர உதடு. ஐப்பசி மாதம்தான் என் அனுபவத்தில் சிறந்த காலம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்னதில் மழைத் தொடக்கம் என்ற ஒன்றை மட்டும் திரும்பப் பாருங்கள். பெரிய கொடுவா அப்போது ஏன் கழிமுகத்துக்கு இறங்கி வருகிறது? முட்டையிட. கொடுவா நன்னீரிலும் வாழும், கழியிலும் வாழும். ஆனால் முட்டையிட உப்பு நீர் வேண்டும். குஞ்சுகள் பிறகு ஓதத்தோடு கழிகளுக்கும் பேரிகளுக்கும் ஏறி வரும். இன்னொரு விசித்திரமும் உண்டு. கொடுவா பெரும்பாலும் ஆணாகவே பருவத்துக்கு வருகிறது. சில ஆண்டுகள் ஆணாக இருந்துவிட்டு, பிறகு பெண்ணாக மாறுகிறது. இரண்டு கிலோ மீன் அநேகமாக ஆண்; நாலு கிலோவைத் தாண்டியது அநேகமாகப் பெண். அதாவது "இருப்பதிலேயே பெரிய மீன்" என்று நாம் கோப்பை வைத்தால், நாம் கோப்பை வைப்பது தாய்க்கு மட்டும். ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் முட்டையிடும் தாய். உடல் பெரிதாகப் பெரிதாக முட்டையும் கூடும். ஆடு வளர்ப்பவர்கூடச் சினையாட்டைத் தேடிப் பிடித்து வெட்டுவதில்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. இங்கே ஃபிரேசர்கஞ்சிலும் நம் நாகப்பட்டினத்திலும் மீனவர் குடும்பங்கள் மீன் பெருகட்டும் என்று இரண்டு மாதம் வருமானத்தை இழந்து உட்கார்ந்திருக்கின்றன. பொழுதுபோக்குக்குப் போகும் நாம், அந்தத் தடை முடிந்த கையோடு போய்ச் சினை மீனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். சட்டப்படி தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எல்லாப் பெரிய மீனையும் விட்டுவிட வேண்டுமா என்றால், இல்லை. சுற்றிலும் கரை கட்டிய டிக்கெட் குளத்தில், நன்னீரில் விட்டு வளர்த்த பேட்கி அங்கே முட்டையிடப் போவதில்லை. அதை விட்டாலும் ஒன்றுதான், வறுத்தாலும் ஒன்றுதான். குளத்துக்காரர் காசு கொடுத்து விட்ட குஞ்சு அது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் விட்டுவிட வேண்டும் என்று விதி. ஆனால் குஞ்சு விட்டு வளர்க்கும் அணைத் தேக்கங்களில் ஒரு பெரிய மீனுக்கு விலக்கு உண்டு. காரணம் இதுவேதான். ஆகவே நான் சொல்வது ஆற்றுக்கும் கழிக்கும் மட்டும்.

இதைச் செயற்குழுவில் சொன்னபோது இரண்டு பதில்கள் வந்தன. ஒருவர், "இப்போதுதான் பொரிப்பகத்தில் குஞ்சு எடுக்கிறார்களே சார், ஆற்று மீனைப் பற்றி ஏன் கவலை?" என்றார். உண்மைதான். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்து வெற்றி கண்டது. நாம் போட்டிக்குப் போகும் வழியிலேயே காக்த்வீப்பில் அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் பொரிப்பகக் குஞ்சு வளர்ப்புக் குளத்துக்குப் போகிறது. ஆற்றில் ஓடும் மீனுக்கு ஆற்றிலுள்ள தாய்தான் கணக்கு.

இன்னொருவர் கேட்டது எனக்குக் கடினமாக இருந்தது. "வலை போடுகிறவன் நூறு பிடிக்கிறான். நாம் ஒன்றை விட்டு என்ன ஆகப் போகிறது?" பெரிதாக ஒன்றும் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வலைக்காரருக்கு அது அடுப்பு எரியும் காரியம்; எனக்கு அப்படி இல்லை. மேலும் வலையில் செத்து வரும் மீனைப் போல அல்ல, தூண்டிலில் வரும் மீன் உயிரோடு என் கையில் இருக்கிறது. விடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் வசதி எனக்கு இருக்கிறது. அன்றைக்கு நான் தராசை எடுப்பதற்குப் பதிலாக மீனைத் தண்ணீரில் விடச் சொல்லியிருந்தால், அந்தப் பையன் சிறிது அழுதிருப்பான், பிறகு ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.

விதியை எப்படி மாற்றுவது? எடையை விட்டுவிடலாம், தராசின் கொக்கியில் தொங்கவிடுவதே மீனின் தாடையையும் உள்ளுறுப்பையும் கெடுக்கிறது. நீளத்தை அளப்போம். 45 முதல் 70 செ.மீ. வரை உள்ள மீனுக்கு ஆளுக்கு இரண்டு என்று வரம்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரே புள்ளி. 70 செ.மீ.க்கு மேற்பட்டதை அளந்து, சாட்சி கையெழுத்துப் போட்டு, திரும்ப விட்டால் அதற்கு இரட்டைப் புள்ளி. பெரியது மாட்டினால் பையன்களுக்கு ஏமாற்றம் இருக்காது, விடுவதிலும் போட்டி வரும். மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போட்டு, அதன் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். மீன் துள்ளித் தலையை உதறும்போது சில தப்பும். தப்பட்டும். ஈரத் துணியை விரித்து அதன்மேல் அளக்க வேண்டும். செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி இருப்பதால் அங்கே விரலை விடக் கூடாது. ஒரு கை வயிற்றின் கீழே தாங்கட்டும். விடும்போது தலை நீரோட்டத்தை நோக்கி இருக்க வேண்டும். வாலை அது தானாக அடிக்கும் வரை பிடித்திருங்கள்.

செயற்குழு அடுத்த மாதம் கூடும்போது இதை எழுத்து மூலம் கொடுக்கிறேன். சுழற்கோப்பையின் அடியில் "அதிக எடை" என்று பொறித்திருக்கும் பித்தளைத் தகட்டை மாற்றும் செலவு என்னுடையது. கடம்ப மரப் பொய்யிரைகள் பதினைந்து, குட்டை உதடு எட்டு, நீள உதடு ஏழு, பெட்டியில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் எதிர்முள் நசுக்கி ஆகிவிட்டது. போட்டிக்கு வரும் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம். நாம்கானா வண்டி சியால்தாவில் தெற்குப் பகுதியிலிருந்து கிளம்பும், நேரத்தை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.